பதினொன்றில் மூன்று

ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரைமணி நேரம் போனால் ஒரு தொழில்சார் உயர்கல்லூரி வரும். அங்கே நான் மூன்று செமஸ்டர் குடிசார் பொறியியல் படித்தேன். பதினொரு பாடங்களுக்குப் பரீட்சை எழுதினேன், பதினொன்றிலும் சித்தியடைந்தேன். பிறகு தெற்கே, வேக ரயிலிலேயே நான்கு மணி நேரம் எடுக்கும் ஒரு நகரத்தின் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். அந்த நகரத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எனக்குக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அந்தக் கோபத்தோடு பெயரையும் எழுதினால் நியாயமாக எழுதியதாக இருக்காது.

ஏன் முதலிலேயே பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பள்ளியில் கடைசி ஆண்டு எங்கள் வகுப்பாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குச் செய்முறைப் படிப்புத்தான் பொருந்தும். பல்கலைக்கழகம் உனக்கு வறட்சியாக இருக்கும்" என்றார். கணிதத்தில் என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்த இரண்டு ஜெர்மன் பெண்களிடம் அவர் அப்படிச் சொல்லவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். வாய் திறக்கவில்லை. வீட்டுக்கும் அது வசதியாக இருந்தது. அப்பாவுக்குக் கம்பித் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஒரே பிள்ளையான நான் வீட்டில் இருந்தால், வருகிற கடிதங்களை யார் வாசிப்பது என்ற கவலை இல்லை.

எங்கள் வீட்டுக் கடிதங்கள் மட்டுமல்ல. ஹம்மில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பதினான்கு வயதிலிருந்து நான்தான் படிவம் நிரப்பினேன். கண் வைத்தியரிடம் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுப்பது, சுவரில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு எழுதுவது, குடியுரிமைக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போடுவது எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கும். "முதல்ல கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ. அதிலைதான் விசயம் இருக்கும்" என்று என்னைவிட நாற்பது வயது மூத்தவர்களுக்குச் சொல்லுவேன். அவர்களும் தலையாட்டிக் கேட்பார்கள்.

இரண்டாம் செமஸ்டரில் கல்லூரியிலிருந்து எங்களை அந்தத் தெற்கு நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். பல்கலைக்கழகத்தில் நீர்ப் பொறியியலுக்கென்று ஒரு பெரிய மண்டபம் இருந்தது. உண்மையான ஓர் ஆற்றின் சில கிலோமீட்டர்களைச் சுருக்கி, மணலும் கூழாங்கல்லும் கொட்டி, அந்த மண்டபத்துக்குள் கட்டியிருந்தார்கள். அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் வயதுடைய ஒருத்தி முழங்கால் வரை இறப்பர்ச் சப்பாத்து அணிந்து ஆற்றின் நடுவே நின்று, ஒரு மெல்லிய கம்பியை இறக்கி ஆழம் பார்த்து, எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். கரையில் இருந்த இன்னொருத்தி அதை எழுதினாள். மற்றவர்கள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து முடித்துக் கோப்பி குடிக்கப் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். எங்கள் கல்லூரியில் நீர் பற்றி ஒரேயொரு பாடம் இருந்தது, அதுவும் ஆள் சேர்ந்தால் மட்டும் நடக்கும்.

மாறுவதென்று முடிவெடுத்ததும் படிவங்கள் தொடங்கின. படிவமென்றால் எனக்குப் பயமில்லை என்றுதான் நினைத்தேன். பல்கலைக்கழகம் ஒரு சான்றிதழ் கேட்டது: நான் எந்தப் பரீட்சையிலும் இனி எழுத முடியாதபடி இறுதியாகத் தோற்றுப்போகவில்லை என்பதற்கான சான்றிதழ். ஜெர்மனில் அதற்கு ஒரே சொல். எழுதினால் பாதி வரி போய்விடும். கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர், "நீங்கள் விலகிய பிறகுதான் இதைத் தரலாம். இருக்கும்போது எப்படித் தருவது, நாளைக்கே ஒன்றில் தோற்கலாமே" என்றார். பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், "சான்றிதழ் வந்தால்தான் உங்கள் இடம் உறுதி" என்றார்கள். இடம் உறுதியாகாமல் நான் எப்படி விலகுவது என்று கேட்டேன். "அது உங்கள் முடிவு" என்றார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே ஆறு கிழமை ஓடியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு நான்கு நாட்கள் நான் எங்கேயும் மாணவி இல்லை.

"அப்ப இப்ப நீ என்ன?" என்று அம்மா கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் இடம் உறுதியானது. அடுத்த வெள்ளிக்கிழமையே அப்பா கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "பிள்ளை பெரிய யூனிக்குப் போறா. மூண்டு செமஸ்டர் முடிஞ்சுது, இனி மூண்டுதான். ஒண்டரை வருசத்திலை இஞ்சினியர்." பக்கத்தில் நின்ற எனக்கு அந்தக் கணக்கைத் திருத்தத் தோன்றவில்லை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பழைய பாடங்களைப் புதிய இடத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்பது சேர்ந்த பிறகுதான் முடிவாகும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. அதை ஒரு சம்பிரதாய வரியாக எடுத்துக்கொண்டேன்.

மாணவர் விடுதியில் எனக்கு ஐந்தாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. சமையலறை பொது. பக்கத்து அறையில் கோயம்புத்தூரிலிருந்து மேற்படிப்புக்கு வந்த ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் போன முதல் நாள், அம்மாவிடம் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, நீங்க தமிழா? சிலோன் தமிழ் இல்ல? கேக்க ரொம்ப ஸ்வீட்டா இருக்கு, கொஞ்சம் மலையாளம் மாதிரி. சிலோன்ல எந்த ஊரு?"

"ஹம்" என்றேன்.

"அது எங்க இருக்கு? ஜாஃப்னா பக்கமா?"

"டோர்ட்முண்டுக்குப் பக்கத்திலை."

அவள் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பல கிழமைகள், ஆமாவுக்குப் பதிலாக நான் சொல்லும் ஒவ்வோர் ஓமுக்கும் அவள் ஒருமுறை ஓம் என்று சொல்லிப் பார்த்தாள். கேலி இல்லை என்று தெரியும். ஆனால் ஜெர்மன்காரர் என்னிடம் நான் எங்கிருந்து வந்தவள் என்று கேட்பது போதாதென்று, தமிழ் பேசுகிறவளும் அதையே கேட்டபோது சமையலறைக்குப் போகாமல் அறையிலேயே பாண் சாப்பிட்ட நாட்கள் உண்டு.

பாடங்களை ஏற்றுக்கொள்வதற்கான அன்ட்ராக்கை முதல் கிழமையே கொடுத்துவிட்டேன். பதினொரு பாடங்களுக்கும் பாடத்திட்டம், புள்ளிகள், மணித்தியாலங்கள் என்று எழுபது பக்கத்துக்கு மேல் வந்தது. பதில் வரும்வரை எந்த வகுப்புக்குப் போவதென்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான்காம் செமஸ்டர் வகுப்புகளில் போய் உட்கார்ந்தேன். என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பயிற்சி வகுப்பொன்றில் குழு பிரித்தபோது, "நீங்கள் யார்?" என்று கேட்டு, பெயர் இல்லை என்றதும் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். ஏழு கிழமை ஓரமாக உட்கார்ந்தேன்.

எட்டாம் கிழமை மின்னஞ்சலில் பதில் வந்தது. ஓர் அட்டவணை, இடது பக்கம் என் பாடங்கள், வலது பக்கம் ஆம் அல்லது இல்லை. மூன்று ஆம். நில அளவை, கட்டட வரைதல், தொழில்நுட்ப ஆங்கிலம். மற்ற எட்டுக்கும் இல்லை. கணிதம் இரண்டு பகுதியும் இல்லை. மெக்கானிக், அதாவது ஓர் உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும், பாலம் ஏன் விழாமல் நிற்கிறது என்று கணக்குப் பார்க்கும் பாடம், அதிலும் இரண்டு பகுதியும் இல்லை. காரணம் எல்லாவற்றுக்கும் ஒரே வசனம்: தரத்தில் கணிசமான வேறுபாடு. நான் முதலாம் செமஸ்டருக்கு ஒதுக்கப்பட்டிருந்தேன்.

அட்டவணையைப் பார்த்ததும் கணினியை மூடிவிட்டேன். ஹம்மில் இதையே வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் மூடவிட்டிருக்க மாட்டேன்.

இரண்டு நாள் வீட்டுக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அப்பா போன் எடுத்தார்.

"என்ன பிள்ளை, முடிவு வந்ததோ?"

"ஓமப்பா. மூண்டு பாடம்தான் எடுத்திருக்கினம். மற்றதெல்லாம் திரும்பச் செய்யட்டாம்."



"நீ பாஸ் பண்ணின பேப்பரைக் காட்டினனியோ?"

"எல்லாம் காட்டினனான்."

"ஒருக்கா நேரை போய்க் கதை."

"டெர்மின் இல்லாமல் ஏலாது அப்பா. ப்ரொபெசருக்குச் செவ்வாய்க்கிழமை ஒரு மணித்தியாலம்தான்."

"அப்ப நான் வாறன்."

வேண்டாம் என்றேன். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அம்மா, "அவர் வெளிக்கிட்டிட்டார். சேட்டு அயர்ன் பண்ணுறார்" என்றார். அது ஞாயிற்றுக்கிழமை. அப்பா இரண்டு நாள் லீவு எடுத்து, திங்கட்கிழமை மாதச் சீட்டில் ஏறக்கூடிய மெதுவான ரயில்களாகப் பார்த்து, ஐந்து ரயில் மாறி, எட்டு மணி நேரம் பயணம் செய்து வந்தார். கையில் நீலக் குளிர்ப்பெட்டி. அதற்குள் இறைச்சிக்கறியும் புட்டும். கோயம்புத்தூர்க்காரி அவரை "அங்கிள், அங்கிள்" என்று சொல்லித் தன் அறையைக் கொடுத்துவிட்டு, அன்றிரவு என் அறையில் தரையில் படுத்தாள். அதற்காக அவளிடம் என் மனம் கொஞ்சம் இளகியது.

செவ்வாய்க்கிழமை சந்திப்பு நேரத்துக்கு நானும் அப்பாவும் போனோம். பாடங்களை ஏற்கும் பொறுப்பில் இருந்த பேராசிரியர் ஐம்பது வயதுக்காரர், மெலிந்தவர். எனக்கு முன்னால் நான்கு மாணவர் நின்றார்கள். எல்லாரும் தனியாக வந்தவர்கள். அப்பா மட்டும் கோட் போட்டு, தலையை நன்றாகச் சீவி, என் சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். யாராவது அந்தப் பக்கம் போனால் நிமிர்ந்து "மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போனதும், நான் பேசத் தொடங்கும் முன்பே அப்பா தொடங்கிவிட்டார். அப்பாவின் ஜெர்மன் தொழிற்சாலையில் கற்றது. அங்கே அவரிடம் மற்றவர்கள் பேசியதெல்லாம் கட்டளை. அதனால் அவருக்கு வினைச்சொற்கள் கட்டளையாகவே வரும், எல்லாரும் நீதான். கோப்பைத் திறந்து மேசையில் வைத்து, "பார்" என்றார் பேராசிரியரிடம். "இது என் மகள். ஏற்கனவே படித்தாள். பார், இங்கே. ஏன் இன்னொரு தரம்? நீ சொல்."

பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவர் குரலை உயர்த்தி, மெதுவாக, எழுவாயும் பயனிலையும் உதிர்ந்துபோன ஒரு ஜெர்மனில் அப்பாவிடம் பேசினார். "மகள், நல்லது. படிக்கிறது, நல்லது. ஆனால் யூனி, வேறு. யூனி, கஷ்டம். முதலில் இருந்து, நல்லது." ஒவ்வொரு சொல்லுக்கும் கையால் காட்டினார். யூனிக்குக் கையை மேலே தூக்கினார்.

நான் இடையில் புகுந்து, மெக்கானிக் பாடத்தில் எந்தப் பகுதி குறைகிறது என்று சரியான ஜெர்மனில் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, இப்போது முழு வசனங்களில், "தனித்தனியாக இங்கே ஆராய முடியாது. எங்கள் அனுபவத்தில் அங்கிருந்து வருகிறவர்கள் திணறுகிறார்கள். உங்கள் நன்மைக்குத்தான்" என்றார். பிறகு எழுந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

நேரே ரயில் நிலையத்துக்குப் போனோம். மேடையில் நின்றபோது அப்பா சொன்னார்: "நல்ல மனிசன். வடிவாக் கதைச்சவர். எனக்கு எல்லாம் விளங்கிச்சு."

அதைக் கேட்டு என்னால் பொறுக்க முடியவில்லை. "அவர் உங்களோடை குழந்தைப் பிள்ளையோடை கதைக்கிற மாதிரிக் கதைச்சவர் அப்பா. உங்களுக்கு அது தெரியேல்லையே? ஏன் வந்தனீங்கள்? நான் வேண்டாம் எண்டு சொன்னனான் தானே."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குளிர்ப்பெட்டியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"எனக்குத் தெரியாதோ?" என்றார். "முப்பது வருசமா எல்லாரும் என்னோடை அப்பிடித்தான் கதைக்கினம். விளங்குது தானே. எனக்கு அது காணும், போதும். உனக்குக் காணாது, அது சரி."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரயில் வந்தது. ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, போய்ச் சாப்பிடு என்று கையால் காட்டினார். எட்டு மணி நேரம் அவர் திரும்பிப் போவதை நினைக்க நினைக்க எனக்கு அவர்மீதும் ஆத்திரம், என்மீதும் ஆத்திரம். பேராசிரியர்மீதான ஆத்திரம்கூட அன்று மூன்றாமிடத்துக்குப் போய்விட்டது.

விடுதிச் சமையலறையில் கோயம்புத்தூர்க்காரி அப்பாவின் புட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அந்தக் கடிதத்தைக் காட்டு என்றாள். அவள் இந்த நாட்டுக்கு வருவதற்கே ஒரு வருடம் தூதரகங்களோடும் சான்றிதழ்களோடும் மல்லுக்கட்டியவள்; எந்தக் கடிதத்தையும் சும்மா விடமாட்டாள். கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"இது டேபிளோட முடியலையே. கீழ இன்னொரு பேஜ் இருக்கு. சின்னதா ஏதோ எழுதியிருக்கு, எனக்கு ஜெர்மன் அவ்ளோ வராது, படிங்க."

வாசித்தேன். இந்த முடிவுக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம் என்று இருந்தது. கடிதத் திகதியைப் பார்த்தேன். மின்னஞ்சல் வருவதற்குப் பல நாட்கள் முன்னதாகவே திகதி போட்டிருந்தார்கள். அந்தத் திகதியிலிருந்து எண்ணினால் ஒன்பது நாள்தான் மிச்சம். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லி ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள், என் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை இன்னொருத்தி காட்டித்தான் பார்த்தேன்.

"டென்ஷன் ஆகாதீங்க. நைன் டேஸ் போதும். உக்காந்து எழுதுங்க" என்றாள் அவள்.

அடுத்த நாளே பழைய கல்லூரிக்குப் போன் எடுத்தேன். மெக்கானிக் கற்பித்த விரிவுரையாளருக்கு என்னை நினைவிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தரம் குறைவு என்றா எழுதியிருக்கிறார்கள்?" என்று ஒருமுறைதான் கேட்டார். மூன்றாம் நாள் நான் எழுதிய இரண்டு பரீட்சைத் தாள்களின் பிரதிகளையும், ஒரு பக்கக் கடிதத்தையும் அனுப்பினார். அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பயன்பட்டது: அவர் கற்பித்த பாடநூலும், இந்தப் பல்கலைக்கழகம் தன் மாணவருக்குப் பரிந்துரைக்கும் பாடநூலும் ஒன்றுதான். அத்தியாயங்கள்கூட அதே ஒழுங்கில். நான் நூலகத்துக்குப் போய் இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து, தலைப்புக்குத் தலைப்பு ஒப்பிட்டு ஓர் அட்டவணை செய்தேன். கட்டடப் பொருட்கள் பாடத்துக்கும் அப்படியே செய்தேன். கணிதத்துக்கும் செய்யப் பார்த்தேன். அங்கே அட்டவணையில் ஓட்டைகள் விழுந்தன. எங்களுக்குப் பழைய கல்லூரியில் சூத்திரத்தைத் தந்து பயன்படுத்தச் சொல்லியிருந்தார்கள். இங்கே அந்தச் சூத்திரம் ஏன் சரி என்று நிறுவச் சொல்கிறார்கள். ஓட்டைகளை மறைத்து எழுதினேன். அதையும் சொல்லிவிடவேண்டும்.

மறுப்புக் கடிதத்தை எட்டாம் நாள் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். பதில் வர அந்தச் செமஸ்டரே முடிந்துவிட்டது. இடையில் முதலாம் செமஸ்டர் மெக்கானிக் வகுப்பில், பள்ளிக்கூடம் முடித்து நேரே வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த கணக்குகளையே திரும்பச் செய்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் வீட்டுப்பாடத்துக்கு என் கொப்பியைக் கேட்டார்கள். கொடுத்தேன். திணறுகிறவள் என்று சொல்லப்பட்டவளுடைய கொப்பியிலிருந்து ஒரு வரிசை முழுவதும் பார்த்து எழுதியது.

முடிவு வந்தபோது மூன்று ஆறாகியிருந்தது. மெக்கானிக் இரண்டு பகுதியும், கட்டடப் பொருட்களும் ஏற்கப்பட்டிருந்தன. மன்னிப்போ விளக்கமோ இல்லை. "மீளாய்வின் பின்" என்று மட்டும் இருந்தது. நான் ஏற்கனவே திரும்பப் படித்து முடித்த பாடத்தை, படிக்கத் தேவையில்லை என்று அறிவித்திருந்தார்கள். அப்பாவுக்குச் சொன்னேன். "பாத்தியே, நான் வந்து கதைச்சது வேலை செய்திருக்கு" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. மேடையில் கத்தியதற்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கணிதம் ஏற்கப்படவில்லை. அந்தச் செமஸ்டர் முடிவில் கணிதப் பரீட்சை எழுதினேன், தோற்றேன். சில புள்ளிகளில் இல்லை, நன்றாகவே தோற்றேன். முதல் கேள்வியிலேயே ஒரு நிறுவல் கேட்டிருந்தார்கள். விடை எனக்குத் தெரியும், ஏன் என்று எழுதத் தெரியவில்லை. பழைய கல்லூரியில் கணிதத்தில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தவள் நான். அந்தப் பேராசிரியர் மெக்கானிக்கில் பிழை விட்டார், கணிதத்தில் அவர் சொன்னது சரி. இரண்டையும் ஆராயாமல் ஒரே வசனத்தில்தான் எழுதினார். அவர் முழுதாகப் பிழையாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சில கிழமைகள் எல்லாரையும் திட்டினேன்: செய்முறைதான் உனக்குப் பொருந்தும் என்ற ஆசிரியையை, சூத்திரத்தைத் தந்து அனுப்பிய கல்லூரியை, அந்த ஆசிரியைக்கு முன்னால் வாய் மூடி நின்ற என்னை.

வீட்டுக்குப் போனபோது ஒரு கலியாண வீட்டில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் கேட்டார், "என்ன, இந்த வருசம் முடிஞ்சிடும் என்ன?"

"இல்லை அக்கா. இன்னும் இரண்டரை வருசம் இருக்கு."

"அப்பா அப்பிடிச் சொல்லேல்லையே."

"அப்பா சொன்னது பிழை. கணிதத்திலை பெயில் விட்டிட்டன்."

அம்மா என் கையைக் கிள்ளினார். பிறகு காரில், "அதை ஏன் அந்தச் சனத்துக்கு முன்னாலை சொன்னனி?" என்று கேட்டார். "எத்தினை பேருக்கு எத்தினை தரம் மாத்தி மாத்திச் சொல்லுறது அம்மா" என்றேன். அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். கோயிலில் தன் கணக்கை அவர் எப்போது, எப்படித் திருத்தினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பிறகு யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

கணிதத்தை இரண்டாம் தடவை எழுதினேன். நிறுவல்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வருகிறது என்று ஒரு குளிர்காலம் முழுவதும் தாளில் கிறுக்கிப் பார்த்தேன். சித்தியடைந்தேன், அவர்கள் தரும் ஆகக் குறைந்த புள்ளியில். அதை எடுத்த அன்று சந்தோசம் வரவில்லை. இனி இதை ஒருவரும் கேட்க முடியாது என்ற களைப்புத்தான் வந்தது. கோயம்புத்தூர்க்காரிக்கு அந்த மாதம் வேறு நகரத்தில் வேலை கிடைத்தது. போகும்போது தன் மிளகாய்த்தூள் போத்தலை சமையலறையில் என் அலுமாரித் தட்டில் வைத்துவிட்டு, "ஓம், போயிட்டு வாறன்" என்றாள். எங்கள் தமிழில் அவள் சொன்ன முதல் சரியான வசனம் அதுதான்.

இப்போது நான் நீர்ப் பொறியியலில் இருக்கிறேன். அப்பா கோயிலில் சொன்ன கணக்கின்படி நான் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருக்கவேண்டும். ஆற்று மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு நாள் வேலை செய்கிறேன். இறப்பர்ச் சப்பாத்துக்குள் எப்படியோ தண்ணீர் போய்விடும். காலுறை நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும். மண்டபத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது.

போன மாதம் ட்ராமுக்காக நின்றேன். பாதை திருத்த வேலையால் எல்லா ட்ராமும் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. அறிவித்தல் பலகை முன்னால் ஒருவர் நின்று திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேராசிரியர். அவரிடம் சொல்வதற்கென்று ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு வசனங்கள் ஒழுங்கு செய்து வைத்திருந்தேன். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பேன். அவர் என் பக்கம் திரும்பினார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"மன்னிக்கவும், பிரதான ரயில் நிலையத்துக்கு இங்கிருந்தா ஏறவேண்டும்?" என்று முழு வசனத்தில், மரியாதையாகக் கேட்டார்.

"இல்லை. எதிர்ப்பக்கத்தில். கடவையைத் தாண்டி இடது பக்கம் போங்கள்" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டு அவசரமாகக் கடந்து போனார். என் ட்ராம் பதினைந்து நிமிடம் பிந்தி வந்தது. இருக்க இடமில்லை, நின்றுகொண்டு போனேன்.